பெருந்தொற்றும் வீட்டில் இருந்த மாற்றுத்திறன் குழந்தைகளும்

கொரோனா பெருந்தொற்றால் தமிழ்நாட்டில் 2020 மார்ச் நடுவில் பள்ளிகள் மூடப்பட்டன. மார்ச் 25 முதல் நாடே முடங்கியது. மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு அப்போது பாடத்தோடு சேர்ந்து இன்னும் பலவும் நின்றுபோயின. ஊராட்சி ஒன்றிய அளவில் இயங்கிய பகல்நேர மையம், அங்கே கைகால்களை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சி, காலைத் தாங்கும் காலிபருக்கு அளவெடுக்கும் முகாம், மாதந்தோறும் மருந்து வாங்கப் போய்வந்த அரசு மருத்துவமனை என்று ஒரு குழந்தையைத் தாங்கியிருந்த எல்லாமே ஏறத்தாழ ஒரே சமயத்தில் எட்டாமல் போயின. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை மீண்டும் பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. இடைப்பட்ட காலம் 19 மாதங்களுக்கு மேல்.

அந்த மாதங்களில் சில வீடுகள் குழந்தையின் பயிற்சியை விடாமல் கொண்டுசென்றன. பல வீடுகள் தடுமாறின. பெற்றோரின் அன்பை வைத்தோ படிப்பை வைத்தோ இந்த வேறுபாட்டை விளக்க முடியாது. வெளியிலிருந்து ஒருவரேனும் அந்த வீட்டோடு தொடர்பில் இருந்தாரா, மருந்தும் பணமும் வந்துசேர்ந்தனவா, தாய்க்கு மாற்றாக இன்னொருவர் வீட்டில் இருந்தாரா என்பவையே பெரும்பாலும் அதைத் தீர்மானித்தன. வீட்டுப் பயிற்சியைப் பற்றிய எந்த ஆலோசனையும் இந்த மூன்றையும் சேர்த்துப் பேசாவிட்டால், ஏற்கெனவே சுமந்துகொண்டிருக்கும் தாயின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுவதாகவே முடியும்.

எண்ணிக்கையும் சட்டமும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். யுனெஸ்கோ 2019இல் வெளியிட்ட இந்தியக் கல்வி நிலை அறிக்கை, அவர்களில் குழந்தைகள் ஏறக்குறைய 78.6 லட்சம் என்றது. ஐந்து வயதுள்ள மாற்றுத்திறன் குழந்தைகளில் நான்கில் மூன்று பங்கினர் எந்தக் கல்வி நிலையத்துக்கும் செல்வதில்லை என்றும் அது குறிப்பிட்டது. பெருந்தொற்று வருவதற்கு முன்பே இக்குழந்தைகளில் கணிசமானோருக்கு வீடுதான் முழு உலகமாக இருந்திருக்கிறது.

சட்டமும் இதை அறிந்தே இருந்தது. கல்வி உரிமைச் சட்டத்துக்கு 2012இல் கொண்டுவந்த திருத்தம், கடுமையான குறைபாடோ பல்வகைக் குறைபாடோ உள்ள குழந்தைகள் வீட்டிலிருந்தே கல்வி பெற வழி செய்தது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷா, மாற்றுத்திறன் குழந்தைகளின் கல்விக்கு ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை என்ற கணக்கில் நிதி ஒதுக்கியது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டதோடு, பேரிடர் போன்ற ஆபத்துச் சூழலில் மாற்றுத்திறனாளிகளுக்குச் சமமான பாதுகாப்பு தரப்பட வேண்டும் என்று 8ஆம் பிரிவில் கட்டளையிட்டது. பொதுமுடக்கம் தொடங்கிய அதே வாரத்தில் ஒன்றிய அரசின் மாற்றுத்திறனாளிகள் துறை வழிகாட்டுதலும் வெளியிட்டது.

தாளில் இருந்ததற்கும் வீட்டை எட்டியதற்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தது. ஒன்றிய அரசு அறிவித்த 1,000 ரூபாய் உதவித்தொகை, தேசிய சமூக உதவித் திட்டத்தில் ஓய்வூதியம் பெறும் மாற்றுத்திறனாளிகளுக்கானது. அந்த ஓய்வூதியமோ 18 வயது நிரம்பிய, 80 விழுக்காட்டுக்கு மேல் பாதிப்புள்ள ஏழைகளுக்கு மட்டுமே உரியது. ஆகவே குழந்தைகள் அதில் இடம்பெறவே இல்லை. தமிழ்நாட்டில் அடையாள அட்டை வைத்திருந்தோருக்கு மாநில அரசு 1,000 ரூபாய் தந்தது. கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கான பராமரிப்பு உதவித்தொகை அன்று மாதம் 1,500 ரூபாய். தினக்கூலி நின்றுபோன குடும்பங்களில் அந்தத் தொகை குழந்தையின் டயப்பருக்கும் மருந்துக்கும் முன்பாக அரிசிக்கும் வாடகைக்கும் போனது என்றால் யாரையும் குறை சொல்ல முடியாது.

வீட்டுப் பயிற்சியின் அடிப்படை

வீட்டிலேயே பயிற்சி தரும் முறை பெருந்தொற்றில் பிறந்தது அன்று. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், போர்ட்டேஜ் என்ற ஊரை மையமாகக் கொண்டு 1969இல் ஒரு திட்டம் தொடங்கியது. பரந்த கிராமப் பகுதியில் சிதறிக்கிடந்த சிறு குழந்தைகளை ஒரு மையத்துக்கு அழைத்துவருவது கடினமாக இருந்ததால், பயிற்றுநர் வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போனார். ஒரு வாரத்துக்குள் எட்டக்கூடிய ஒரு சிறு இலக்கைத் தாயோடு சேர்ந்து தேர்ந்தெடுத்தார், செய்துகாட்டினார், தாயைச் செய்யச் சொல்லிப் பார்த்தார், அடுத்த வாரம் வந்து முன்னேற்றத்தைக் குறித்துக்கொண்டார். போர்ட்டேஜ் முறை பின்னர் இந்தியாவிலும் பரவியது. சிறப்பாசிரியர்கள் பலருக்கு இது நன்கு தெரிந்த முறை.

இதில் கவனிக்க வேண்டியது இலக்கின் அளவு. ‘தானே சாப்பிட வேண்டும்’ என்பது ஒரு வாரத்துக்கான இலக்காகாது. தட்டில் கை வைப்பது, பிசைவது, கவளத்தை எடுப்பது, வாய் வரை கொண்டுபோவது எனப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஓர் இலக்கு. பெரும்பாலும் கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிக் கற்பிப்பது நல்லது. கவளத்தைப் பிடித்து வாயருகே வரை தாயின் கையே கொண்டுசெல்லும்; கடைசி இரண்டு அங்குலத்தைக் குழந்தை முடிக்கும். முடித்த சுவை உடனே கிடைப்பதால் குழந்தை மீண்டும் முயலும்.

இரண்டாவது அடிப்படை, பயிற்சிக்கென்று தனி நேரம் தேடாமல் அன்றாட வேலைகளுக்குள்ளேயே அதை வைப்பது. சமையலும் துணி துவைப்பதும் இன்னொரு பிள்ளையின் ஆன்லைன் வகுப்பும் ஒரே அறையில் நடக்கும் வீட்டில் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் என்று எழுதிக் கொடுக்கும் அட்டவணை இரண்டு வாரம் தாங்காது. குளிப்பாட்டல், உடுத்தல், ஊட்டல், தூக்கல் ஆகியவை எப்படியும் நடந்தே தீரும். அவற்றைச் செய்யும் விதம் மாறினால் அதுவே பயிற்சி.

உடல்

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளிடம் இது தெளிவாகத் தெரியும். மூளையிலிருந்து தசைக்குப் போகும் கட்டளை சீராக இல்லாததால் இவர்களில் பெரும்பாலோருக்குச் சில தசைகள் எப்போதும் இறுகியே இருக்கும். எலும்பு வளர்கிறது, இறுகிய தசை அதே வேகத்தில் நீளாது. நாளடைவில் குதிகால் தரையில் படாது, முழங்கால் முழுதாக நீளாது, தொடைகள் ஒன்றன்மேல் ஒன்று பின்னிக்கொள்ளும். பள்ளிப் பாடத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம். வளரும் உடலில் ஏற்பட்ட இறுக்கம் சில வேளைகளில் அறுவை சிகிச்சையில்தான் போய் முடியும்.

வெந்நீரில் குளித்த பிறகு தசை சற்றுத் தளர்ந்திருக்கும். கணுக்காலையும் முழங்காலையும் மெல்ல நீட்டி, அரை நிமிடம் அப்படியே பிடித்திருக்க ஏற்ற நேரம் அது. வெடுக்கென்று இழுத்தால் தசை இன்னும் இறுகும். சட்டை போடும்போது இறுகிய கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். தொடைகள் பின்னிக்கொள்ளும் குழந்தையை இரு கைகளிலும் ஏந்தித் தூக்குவதைவிட, நம் பெண்கள் வழக்கமாகத் தூக்குவது போல இடுப்பின் இருபுறமும் கால்களை அகற்றி வைத்துத் தூக்குவது சிறந்தது. உட்கார வைக்க விலையுயர்ந்த நாற்காலி இல்லையென்றால் இரண்டு சுவர்கள் சேரும் மூலை போதும். தோள்கள் முன்னால் வர, இருபுறமும் தலையணை அண்டக் கொடுத்து, முன்னால் ஒரு மணை வைத்தால் குழந்தையின் கைகள் விளையாட விடுபடும். டேவிட் வெர்னர் 1987இல் வெளியிட்ட ‘ஊனமுற்ற கிராமக் குழந்தைகள்’ என்ற நூல், கிராமத்தில் கிடைக்கும் மரத்தையும் துணியையும் கொண்டு இத்தகைய கருவிகள் செய்வதைப் பக்கம் பக்கமாகப் படம் வரைந்து விளக்கியது. சாலைகள் மூடிக்கிடந்த 2020இல் அந்த அணுகுமுறை மீண்டும் பொருத்தமாயிற்று.

ஊட்டும் விதம் இன்னும் முக்கியமானது. மடியில் படுக்கவைத்து, தலையைப் பின்னுக்குச் சாய்த்துப் பாலாடையால் ஊற்றினால், விழுங்கும் கட்டுப்பாடு குறைந்த குழந்தைக்கு உணவு மூச்சுக்குழலில் இறங்கக்கூடும். அதனால் நிமோனியா வரும். இருமலோடு மருத்துவமனைக்குப் போகவே குடும்பங்கள் அஞ்சிய நாட்களில் இதைத் தவிர்ப்பது உயிர்காக்கும் வேலையாக இருந்தது. நிமிர்ந்த நிலை, தலை சற்று முன்னோக்கி, சிறு கரண்டி, விழுங்கிய பிறகே அடுத்த வாய் என்பவையே விதிகள். தண்ணீர்போல ஓடும் கஞ்சியைவிடக் குழைந்த பருப்புச் சாதம் பல குழந்தைகளுக்குக் கட்டுப்படும். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரமாவது படுக்க வைக்கக் கூடாது.

காலிபரும் ஸ்ப்ளிண்டும் வேறொரு சிக்கல். பள்ளி வயதுக் குழந்தை ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளரும். முடக்கத்துக்கு முன் அளவெடுத்தது அடுத்த கோடையில் பொருந்தாது. கழற்றி அரை மணி நேரம் ஆன பிறகும் தோலில் சிவப்புத் தடம் மறையவில்லையென்றால் அதைத் தொடர்ந்து போடுவது புண்ணில் கொண்டுவிடும். பொருந்தாத காலிபரை வற்புறுத்திப் போடுவதைவிட, மாற்று கிடைக்கும்வரை நீட்டல் பயிற்சியையும் தாங்கிப் பிடித்து நிற்க வைப்பதையும் கூட்டுவது மேல்.

மருந்து

மூளை முடக்குவாதமோ ஆட்டிசமோ உள்ள குழந்தைகளில் பலருக்கு வலிப்பு நோயும் உண்டு. வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரும் ஆபத்து உண்டு. அதனால் ஒரு மாத மருந்து கூடுதலாகக் கையில் இருப்பதும், மருந்துச் சீட்டின் படம் வீட்டில் இரண்டு கைபேசிகளிலாவது இருப்பதும் பெருந்தொற்றுக் காலத்தின் முதல் தேவை. வலிப்பு வந்தால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் எதையும் நுழைக்கக் கூடாது. கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் பயன் ஏதும் இல்லை. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108ஐ அழைக்க வேண்டும். தலசீமியா என்ற ரத்தக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ரத்ததான முகாம்கள் நின்ற நாட்களில் வீட்டின் எந்த முயற்சியும் அதற்கு ஈடாகாது. எல்லாவற்றையும் வீட்டால் செய்துவிட முடியும் என்ற பேச்சு இந்த இடத்தில் நின்றுவிடுகிறது.

மொழி

செவித்திறன் குறைந்த குழந்தைகளின் இழப்பு கண்ணுக்குப் புலப்படாதது. அதனாலேயே அதிகம் பேசப்படாதது. இக்குழந்தைகளில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். வீட்டில் சைகை மொழி யாருக்கும் தெரியாது. சுட்டிக்காட்டலும் சில கைக்குறிகளும் மட்டுமே இருக்கும். விடுதியோடு கூடிய சிறப்புப் பள்ளிதான் அவர்கள் தங்குதடையின்றிப் பேசி, சண்டையிட்டு, கதை சொல்லி வாழ்ந்த இடம். பள்ளி மூடியதும் அவர்கள் தம் மொழி பேசுவார் ஒருவருமில்லாத வீட்டுக்குத் திரும்பினார்கள். தெரு ஏன் வெறிச்சோடிக் கிடக்கிறது, அப்பா ஏன் வேலைக்குப் போகவில்லை, எதிர்வீட்டுத் தாத்தா எங்கே என்று கேட்கவும் விளக்கம் பெறவும் வழியில்லை. பத்து வயதுப் பிள்ளை மாதக்கணக்கில் உரையாடலே இல்லாமல் இருப்பது பாடத்தை இழப்பதைவிடப் பெரிய தீங்கு. முகக்கவசம் உதட்டசைவையும் மறைத்துவிட்டது.

இங்கே வீடு செய்யக்கூடியது, பிள்ளையையே ஆசிரியராக்கிக் குடும்பம் முழுவதும் நாளுக்குச் சில சைகைகள் கற்றுக்கொள்வது. அண்ணனும் பாட்டியும் கற்றால்தான் பேச்சு ஓடும். இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தின் சைகை அகராதி 2021 பிப்ரவரியில் 10,000 சொற்களை எட்டியது; பாடநூல்களைச் சைகை மொழிக்குக் கொண்டுவர அந்த மையமும் என்.சி.இ.ஆர்.டி.யும் 2020 அக்டோபரில் உடன்பாடு செய்துகொண்டன. ஆனாலும் பிள்ளைக்கு உடனடியாகப் பயன்பட்டது கைபேசியின் வீடியோ அழைப்பு. பள்ளித் தோழனோடு சைகையில் பேசிய அரை மணி நேரத்தைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடக் கூடாது. செவிக்கருவி போட்ட குழந்தைக்கும் காக்ளியர் உள்வைப்பு செய்த குழந்தைக்கும் நிலை வேறு. குழந்தை விழித்திருக்கும் நேரமெல்லாம் கருவி காதில் இருக்க வேண்டும். பேட்டரியைத் தினமும் காலையில் சோதிக்க வேண்டும். பேசுபவர் வெளிச்சம் தம் முகத்தில் விழும்படி நின்று, தொலைக்காட்சியையும் மிக்ஸியையும் நிறுத்திவிட்டுப் பேச வேண்டும்.

பார்வையற்ற குழந்தைக்குத் தொடுவதே பார்ப்பது. ‘எதையும் தொடாதே’ என்ற பெருந்தொற்றின் முதல் விதி அவர்களின் உலகையே பறித்தது. தொடுவதைத் தடுக்காமல், தொட்ட பின் கை கழுவப் பழக்குவதும், கைபிடித்து நடத்தாமல் துணைவரின் முழங்கையைப் பற்றி நடக்க வைப்பதும் சரியான வழி. தொலைக்காட்சிப் பாடத்தில் ‘இந்தப் படத்தைப் பாருங்கள்’ என்று ஆசிரியர் சொல்லும் இடங்களில் பக்கத்தில் ஒருவர் இருந்து விளக்க வேண்டும். பிரெய்ல் நூல்கள் பள்ளியிலேயே தங்கிவிட்ட வீடுகளில் விரல் நுனியின் நுட்பத்தைக் காக்க, உளுந்தையும் துவரையையும் கலந்து பிரிக்கச் சொல்வது போன்ற எளிய வேலைகள் உதவும்.

நாளின் ஒழுங்கு

ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு நாளின் ஒழுங்குதான் பிடிமானம். எட்டரைக்கு வேன், பத்தரைக்கு இடைவேளை, நான்குக்கு வீடு என்றிருந்தது ஒரே நாளில் கலைந்தது. ஏன் என்று சொல்லால் விளக்கினால் பலருக்குப் புரியாது. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் எரிக் ஷாப்லர் 1970களில் உருவாக்கிய டீச் முறையின் சாரம், நாளைக் கண்ணால் பார்க்கும்படி செய்வது. கைபேசியில் எடுத்த பல்துலக்கும் படம், இட்லித் தட்டின் படம், மொட்டைமாடியின் படம், பாயின் படம் ஆகியவற்றை வரிசையாகச் சுவரில் ஒட்டி, முடிந்ததை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பெட்டியில் போட வைக்கலாம். மூடிய பள்ளிக் கதவின் படம் ஒன்றும் இருக்க வேண்டும். கரோல் கிரே 1990களின் தொடக்கத்தில் வகுத்த சமூகக் கதை முறைப்படி, ‘கிருமி இருக்கிறது, பள்ளி மூடியிருக்கிறது, அம்மா வீட்டில் என்னோடு இருப்பார்’ என்ற மாதிரிச் சிறு வாக்கியங்களைப் படத்தோடு தினம் படித்துக்காட்டுவதும் பயன் தரும்.

வெளியே நடக்காமல் இருப்பது சில குழந்தைகளால் முடியாத காரியம். ஸ்பெயின் 2020 மார்ச்சிலேயே ஆட்டிசம் உள்ளவர்கள் துணையோடு வெளியே செல்ல அனுமதித்தது. அப்படியும் பால்கனிகளிலிருந்து வசை விழுந்ததால் சில குடும்பங்கள் நீலப் பட்டை கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. பிரிட்டன் ஏப்ரலில் தன் விதியைத் தளர்த்தியது. முகக்கவசத்தைப் பொறுத்தவரை, வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அதைக் கட்டாயமாக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2020 ஆகஸ்டில் தெளிவுபடுத்தின. பழக்க முடிந்தவர்களுக்கும் கையில் பிடிப்பது, கன்னத்தில் தொடுவது, ஐந்து நொடி அணிவது என்று படிப்படியாகத்தான் பழக்க வேண்டும்.

தலையை முட்டிக்கொள்வதும் கடிப்பதும் கூடினால் முதலில் உடலைப் பார்க்க வேண்டும். பல்வலி, காதுவலி, நடமாட்டம் குறைந்ததால் வந்த மலச்சிக்கல், தூக்கக் குறைவு ஆகியவற்றைச் சொல்லத் தெரியாத குழந்தை நடத்தையால் சொல்கிறது. அடித்துத் திருத்தும் முயற்சி அந்தச் செய்தியை அடக்கிவிடும். வலி அப்படியே இருக்கும்.

திரையும் தொலைபேசியும்

ஒடிசாவைச் சேர்ந்த ஸ்வாபிமான் அமைப்பு 2020இல் சென்னை உட்படப் பல இடங்களில் மாணவர், பெற்றோர், ஆசிரியர் என 3,627 பேரிடம் ஆய்வு நடத்தியது. ஆன்லைன் கல்வியின் சிரமத்தால் மாற்றுத்திறன் மாணவர்களில் 43 விழுக்காட்டினர் படிப்பை விட எண்ணியதாகவும், 64 விழுக்காட்டினரின் வீட்டில் ஸ்மார்ட்போனோ கணினியோ இல்லை என்றும் அது கண்டறிந்தது. அணுகத்தக்க பாடப்பொருள் தங்களிடம் இல்லை என்றனர் 81 விழுக்காட்டு ஆசிரியர்கள்.

திரையைக் குழந்தைக்கு வகுப்பறையாக்க முயன்ற இடங்களில் பெரும்பாலும் தோல்வியே கிடைத்தது. தாய்க்கு வழிகாட்டும் கருவியாக அதைப் பயன்படுத்தியபோது நிலைமை வேறு. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், வீடு தேடிச் சென்று இளம் குழந்தைகளுக்குப் பயிற்சி தரும் திட்டத்தைச் செயலி ஒன்றின் துணையோடு முன்பே நடத்திவந்ததால், முடக்கத்தின்போது தொலைவழிப் பயிற்சிக்கு மாற முடிந்தது. குழந்தையின் பெயரும் அதன் இலக்கும் அறிந்த ஒரு பணியாளர் வாரம் ஒருமுறை பத்துப் பதினைந்து நிமிடம் அழைத்துப் பேசுவது, அனுப்பிய வீடியோவைப் பார்த்து ‘முழங்காலுக்குக் கீழே பிடிங்கம்மா’ என்று திருத்துவது ஆகியவற்றுக்கு அதிவேக இணையம் தேவையில்லை. சாதாரண கைபேசிக்கும் அழைப்பு போகும். அந்த அழைப்பைச் செய்யும் சிறப்பாசிரியரின் வேலை பெருந்தொற்றுக் காலத்தில் இன்றியமையாத பணியாகக் கருதப்பட வேண்டியது.

பராமரிப்பவர்

பெரும்பாலான வீடுகளில் பராமரிப்பவர் என்றால் தாய். முன்பு பள்ளி எடுத்துக்கொண்ட ஆறு மணி நேரமும் அவர் தலையில் விழுந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையை ஒரு நாளில் பலமுறை தூக்கி இறக்குவதால் முதுகு பாதிக்கப்படும். தரையிலிருந்து தூக்காமல் கட்டில் உயரத்திலிருந்து தூக்குவதும், இருவராகத் தூக்குவதும் குழந்தையின் பயிற்சியைப் போலவே திட்டத்தில் இடம்பெற வேண்டியவை. வேலையின்றி வீட்டிலிருந்த தந்தையர் பலர் முதன்முறையாகத் தம் குழந்தைக்கு ஊட்டவும் குளிப்பாட்டவும் கற்றது அக்காலத்தின் நல்விளைவு. மற்றப் பிள்ளைகளின் உதவிக்கு ஓர் எல்லை வேண்டும். அக்காளோ தங்கையோ இரண்டாம் தாயாகிவிடக் கூடாது.

தமிழ்நாட்டில் 2021 மே 21 அன்று ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. தாயே தனிமைப்பட வேண்டியிருந்த வீடுகளில், அதுவரை யாருக்கும் சொல்லித்தராத அறிவெல்லாம் அவரோடு அடுத்த அறைக்குள் பூட்டப்பட்டது. எந்த ஒலி பசியைக் குறிக்கிறது, எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வரும், மருந்து எத்தனை மில்லி, எதைக் கண்டால் பயம், விழுங்கச் சிரமமான உணவு எது என்பவற்றை ஒரே தாளில் எழுதி, இன்னொருவரை வாரத்தில் ஒருநாள் முழுப் பொறுப்பிலும் விட்டுப் பழக்கியிருந்த குடும்பங்கள் அந்த நாட்களைக் கடந்தன. டவுன் நோய்க்குறி உள்ள பெரியவர்களுக்குத் தொற்றால் இறக்கும் ஆபத்து ஏறத்தாழ பத்து மடங்கு என்று பிரிட்டன் ஆய்வு 2020இல் காட்டியதால், அத்தகையோர் இருந்த வீட்டில் அவர்களும் மற்றவர்களும் விரைவில் தடுப்பூசி போட்டுக்கொள்வதும் பராமரிப்பின் பகுதியாயிற்று.

பள்ளிக்குத் திரும்புதல்

மீண்டும் பள்ளி திறந்தபோது பழைய இடத்திலிருந்து தொடர முடியவில்லை. வீட்டொழுங்குக்குப் பழகிய ஆட்டிசக் குழந்தைக்கு இப்போது பள்ளியே புதிய குழப்பம். ஆசிரியரின் படமும் வகுப்பறையின் படமும் ஒரு வாரம் முன்பே சுவர் அட்டவணையில் ஏற வேண்டும். முதல் வாரம் ஒரு மணி நேரம், பிறகு அரை நாள் என்று கூட்ட வேண்டும். மூளை முடக்குவாதமுள்ள குழந்தைக்கு இடுப்பு மூட்டு விலகியிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். செவிக்கருவியின் காது அச்சு, காலிபர், சக்கர நாற்காலி எல்லாம் புதிய அளவில் தேவைப்படும். வலிப்பு மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. 14 கிலோ இருந்தபோது எழுதிய மருந்துச் சீட்டையே 18 கிலோ ஆன பிறகும் பின்பற்றிக்கொண்டிருந்தால், முதல் வேலையாகக் குழந்தையை எடை பார்த்து மருத்துவரிடம் அளவைத் திருத்தி வாங்க வேண்டும்.